மஞ்சள் பாதை, நாலரை கிலோமீட்டர்

மூன்று வருடத்துக்கு ஒருமுறை
ஒல்ஷோவின் மஞ்சள் பாதை வெளிறிப்போகும்.
வாரமெல்லாம் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
சனிக்கிழமை என் சைக்கிள் கைப்பிடியில்
இரண்டு டப்பாக்கள் தொங்கும்.
மேலே வெள்ளை, நடுவே மஞ்சள், கீழே வெள்ளை,
ஓர் உள்ளங்கை அகலம்.
விரல்கடை கூடினாலும்
நகரமன்றத்துத் திருமதி ஷ்கோபகோவா
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

ரயிலடியில் முதல் அடையாளம்.
லிண்டன் மரத்தில் பாசியைச் சுரண்ட வேண்டும்,
மரத்துக்கு நோகாமல்.
அடுத்தது பாலம். பாலத்தின் மேல் கல்புனிதர்,
சுட்டுவிரல் உடைந்தவர்.
மிச்ச விரல்களை நம்பிப் போனால் ஆற்றில்தான் இறங்கணும்.
அவர் பாதத்தடியில் ஓர் அம்பு.
பிறகு சதுக்கம், வளைவு வளைவாய்த் தாழ்வாரம்,
நிழலில் காபிக்கடை ட்ராஹோமீரா:
"பாதை என் வாசல் வழியா வளைஞ்சா
குடியா முழுகிடும்?"
போன முறை வளைத்தேன். பன்னிரண்டு மீட்டர்.
கசகசா கேக் ஒரு துண்டுக்கு
அவ்வளவுதான் வளையும்.

பீர் ஆலையின் புளித்த மூச்சைக் கடந்து
கோட்டை மேடு. சைக்கிளைத் தள்ளித்தான் ஏறணும்.
மேட்டிலிருந்து பார்த்தால்
ஓடுகள், ஓடுகள், ஒரு வெங்காயக் கோபுரம்,
அப்பால் கெண்டைக் குளம்,
தட்டில் ஊற்றி ஆறவைத்த மாதிரி.
வருகிறவர்கள் இங்கே படம் எடுத்துக்கொள்வார்கள்.
எனக்கு இங்கே பெயிண்ட் காயும்.

இந்த வசந்தத்தில் ஆலைத் தெருவைத் தோண்டிப் போட்டார்கள்,
எரிவாயுக் குழாய்.
மாற்றுவழி ஒன்றே ஒன்று: குறுக்குச் சந்து.
பதினோரு வருடம் அதன் முனையில் பேருந்தைத் திருப்பியிருக்கிறேன்,
உள்ளே கால் வைத்ததில்லை.

மழை பிடித்துக்கொண்டது.
ஹினெக்கின் டயர்க் கிடங்கில் ஒதுங்கினேன்.
ரப்பர் வாடை. ஆளுயர அடுக்குகள்.
டப்பாவை மூட இடம் தேடி அண்ணாந்தேன்:
கூரை முழுக்க நீலம்.
நீலத்தில் நட்சத்திரங்கள், பாதி உதிர்ந்து.
செங்கல் வைத்து அடைத்த வட்ட ஜன்னல்.
"அப்பா வாங்கினப்பவே இப்படித்தான்," என்றான்,
பையிலிருந்து கையை எடுக்காமல்.
"யாரும் மேலே பார்க்கிறதில்லை. டயர் கீழேதானே இருக்கு."

சுவரில் அடையாளம் போடட்டுமா என்றேன்.
வேண்டாம் என்றான்.
கோபமில்லை. வேண்டாம், அவ்வளவுதான்.
எதிரே இருந்த விளக்குக் கம்பம் நகரமன்றத்துடையது.
மழை விட்டதும் கம்பத்தைத் துடைத்தேன்.
வெள்ளை, மஞ்சள், வெள்ளை.

எங்கள் கையேட்டில் ஒரு விதி உண்டு:
எந்த அடையாளத்துக்கும் மறுபக்கம் ஒரு ஜோடி வேண்டும்,
எதிர்த்திசையில் நடக்கிறவருக்காக.
கம்பத்தைச் சுற்றிவந்து குந்தினேன்.
இந்தச் சந்திலிருந்து ரயிலடிக்கு
நாற்பத்திரண்டில் போனார்கள்,
தலைக்கு ஐம்பது கிலோ பெட்டி,
குழந்தைக்கும் ஓர் எண்.
கல்புனிதரைத் தாண்டி, லிண்டன் வரிசையில்,
நான் பூசுகிற அதே நாலரை கிலோமீட்டரின் ஒரு துண்டு.
வழி சொல்ல அன்று அம்பு தேவைப்படவில்லை,
துப்பாக்கி இருந்தது.
திரும்பும் பக்கத்துக் கோடு
மூன்று முறை வழிந்தது. மூன்று முறை துடைத்தேன்.

ஜூலையில் குழாய் வேலை முடிந்தது.
பழைய வழிக்கே மாற்றச் சொல்லித் திருமதி ஷ்கோபகோவாவின் கடிதம்.
அன்று ஹினெக் ஷட்டரைப் பாதி ஏற்றி
வாசலில் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தான்.
"நேத்து ரெண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தாங்க.
ஒருத்தன் தொப்பி எடுத்துத் தலையில வச்சான்.
அப்படியே கொஞ்ச நேரம் நின்னான்."
ஆப்பிள் விதையைத் துப்பினான்.
"டயர் வாங்கலை."

வெள்ளைப் பெயிண்ட் தீர்ந்துவிட்டது, வந்ததும் மாற்றுகிறேன்
என்று பதில் எழுதினேன்.
டப்பா முக்கால்வாசி இருக்கிறது.